பதினாறுக்கு ஐந்து நாள்

2025 செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. வெள்ளிக்கிழமை என்று எழுதிவிட்டுச் சனிக்கிழமையின் திகதியைக் கொடுத்திருந்தார்கள். அச்சுக்குப் போகும் முன் பிடித்துவிட்டேன். ரிஸ்வி முதலாளி, "துஷ்யந்தன் கண்ணுக்கு எந்தத் திகதியும் தப்பாது" என்று பெண் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். இந்த அச்சகத்தில் நான் சேர்ந்த நாளிலிருந்து, இருபத்திரண்டு வருஷமாக அவர் சொல்கிற வசனம். முன்பெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். இன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த தாளை எடுத்தேன்.

எங்கள் சட்டத்தரணி நிஷ்மியா மிஸ் எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார். போன வருஷத்து டயரி ஒன்று கிடந்தது. பக்கம் மாறிக் கட்டியதால் விற்காமல் ஒதுக்கியது. அதில் எழுதுகிறேன்.

எழுத வேண்டியதை எழுதித் தொலைக்கிறேன். இந்த வருஷம் பெப்ரவரி ஆறாம் திகதி, கணித வகுப்பு மாஸ்டர் மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு என் மகள் தனுஷாவை மட்டும் நிறுத்தி வைத்தான். அதற்குமேல் எழுத மாட்டேன். அவனுக்கு வயது நாற்பத்தொன்று. அவன் பெயரையும் எழுத மாட்டேன். இப்போது பிணையில் வெளியே இருக்கிறான். தனுஷா வீட்டுக்குள்ளே இருக்கிறாள். சாதாரண தரப் பரீட்சையும் எழுதவில்லை.

2025 செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று வழக்குத் தவணை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து தனுஷாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டினார். பிறந்த நாள் 2009 ஜனவரி 28. அப்படியென்றால் சம்பவ நாளில் பதினாறு வயதும் ஒன்பது நாளும். பதினாறு நிரம்பாத பிள்ளை என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிரம்பிவிட்டால் இடமுண்டு. "பிள்ளை விருப்பத்தோடுதான் இருந்தார்" என்று சிங்களத்தில், கடையில் விலை சொல்கிற மாதிரிச் சொன்னார். நல்ல வேளை தனுஷா வரவில்லை.

வெளியே வந்ததும் நிஷ்மியா மிஸ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பொலிஸ்ல பதினஞ்சுன்னுதானே சொன்னீங்க? இது எப்படி அண்ணே பதினாறு ஆச்சு?"

நீதிமன்றப் படிக்கட்டில் நின்றபடி சொன்னேன். தனுஷா உண்மையில் பிறந்தது பெப்ரவரி 11. என் மனைவி மலரின் தாய் வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் வரும் முன்னே லயத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. தோட்டத்து மிட்வைஃப் பார்த்தார். பிறப்பை அறிவிக்கிற கடிதம் பதிவாளருக்குத் தோட்டத்து ஆபீஸில் இருந்துதான் போகும்.

ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிரம்பாவிட்டால் அந்த வருஷம் முதலாம் ஆண்டில் சேர்க்க மாட்டார்கள். பதினொரு நாளுக்காக ஒரு வருஷம் வீண். என் அண்ணன் மகனுக்கு அப்படித்தான் போயிற்று. நான் விடுவேனா? ஆபீஸில் பெரிய கிளாக்கர் சோமசுந்தரம் ஐயா. அவர் மகளுக்கு அப்போது கல்யாணம். முந்நூறு பத்திரிகை, பொன் எழுத்து, சும்மா அடித்துக் கொடுத்தேன். என் பிள்ளை இரண்டு கிழமை முன்னால் பிறந்துவிட்டாள்.

இதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்! மாமன் மச்சான் எல்லோருக்கும் தெரியும். "ஆள் கெட்டிக்காரன்" என்பார்கள்.

நிஷ்மியா மிஸ் சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

2025 செப்டம்பர் 17, புதன்

மலரிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க செஞ்ச கெட்டிக்காரத்தனத்துக்கு எம் புள்ள போய் கோட்டுல நிக்கணுமா?"

பிறகு இன்னொன்றும் சொன்னாள். "ஒரு வருஷம் பிந்தி சேத்திருந்தா அவளுக்கு அந்த வருஷம் பரீட்சையே இல்லிங்க. அந்த கிளாசுக்கே போயிருக்க மாட்டா."

அது எனக்குத் தோன்றாமலா இருந்தது? ஏழு மாதமாக அதைத்தானே தின்றுகொண்டிருக்கிறேன். ஆனால் அவள் வாயால் கேட்டது வேறு.

2025 செப்டம்பர் 28, ஞாயிறு

ஞாயிறு என்றாலும் அவசர வேலை. ஏதோ ஒரு சிறுவர் பாதுகாப்பு அமைப்பின் துண்டுப்பிரசுரம், சிங்களத்தில் ஐயாயிரம், தமிழில் இரண்டாயிரம். வரப்போகிற சட்டத்தைப் பற்றியது. தமிழ்ப் பக்கத்துக்கு நான்தான் எழுத்துக் கோத்தேன்.

"ஆசிரியர், பாதுகாவலர் போன்ற பொறுப்பில் உள்ள வளர்ந்தவர் ஒருவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எதிராகக் குற்றம் புரியுமிடத்து, பிள்ளையின் சம்மதம் என்ற வாதம் ஏற்கப்படலாகாது எனத் திருத்தம் முன்மொழியப்படுகிறது."

கை நின்றுவிட்டது. பதினெட்டு! பதினைந்தோ பதினாறோ, யாருக்கு வேண்டும்? திரும்பத் திரும்ப வாசித்தேன். எழுத்துப் பிழை பார்க்கிற சாக்கில் ஆறு தரம் வாசித்திருப்பேன். ஒரு பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது முதலாளி, "என்ன துஷ்யந்தன், இன்னைக்கி முகம் வெளிச்சமா இருக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் பசித்தது.

2025 அக்டோபர் 1, புதன்

நிஷ்மியா மிஸ்ஸிடம் பிரசுரத்தை நீட்டினேன். வாங்கி வாசித்தார். அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"அண்ணே, இது இன்னும் பாராளுமன்றத்துக்கே போகல்ல. போய் நிறைவேறினாலும் அதுக்குப் பொறகு நடக்கிறதுக்குத்தான். பெப்ரவரியில நடந்ததுக்கு, பெப்ரவரியில இருந்த சட்டம்."

"இவ்வளவு பேர் சேந்து கொண்டுவாற சட்டம் எம் பிள்ளைக்கு இல்லியா மிஸ்?"

"இனி வாற பிள்ளைகளுக்கு."

இனி வருகிற பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். மனசாரத்தான் எழுதுகிறேன். ஆனால் வாசலில் நின்று அடுத்தவன் பந்தியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கொண்டுபோயிருந்த ஜாதகத்தையும் காட்டினேன். அதில் தை 29, பூரம் என்று உண்மையான நாள் இருக்கிறது. அரசாங்கத்துக்குப் பொய் சொன்ன எனக்கு ஜாதகத்தில் பொய் எழுதப் பயம். மிஸ் அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார். ஆனால் ஜாதகம் மட்டும் போதாதாம். யாரும் எப்போதும் எழுதிக்கொள்ளலாம் என்பார்களாம்.

"சரி, நான் கோட்டுல ஏறி உண்மையைச் சொல்றேன். பொய் எழுதினது நான்தான்னு சொல்றேன். என்ன வேணா செய்யட்டும்."

"சொல்லலாம். ஆனா அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. ஸ்கூலுக்காக ஒருதரம் திகதியை மாத்தின ஆள், வழக்குக்காக இன்னொருதரம் மாத்த மாட்டாரான்னு. நீங்க என்ன பதில் சொல்வீங்க?"

பிரசுரத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன்.

இன்னொரு சிக்கலையும் காட்டினார். பெப்ரவரி 10ஆம் திகதி பொலிஸில் தனுஷா கொடுத்த வாக்குமூலத்தில், மறுத்தாளா இல்லையா என்று ஒரு வரிகூட இல்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியும். எழுதிக்கொண்டிருந்த பெண் அதிகாரி வயதைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, பதினைந்து, நாளைக்குத்தான் பதினாறு ஆகிறது என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்! பத்திரத்தின் நினைப்பே அப்போது வரவில்லை. பதினைந்து என்றால் அந்தக் கேள்வி தேவையில்லை, பிள்ளையை ஏன் வருத்த வேண்டும் என்று அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். எனக்கு அப்போது ஆறுதலாகக்கூட இருந்தது.

ஐந்தே நாள். சம்பவ நாளில் பதினாறுக்கு ஐந்து நாள் இருந்தது.

2025 அக்டோபர் 12, ஞாயிறு

சோமசுந்தரம் ஐயா ஓய்வு பெற்று நாவுலயில் மகனோடு இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போனேன். தம்புள்ளை பஸ்ஸில் இடமில்லை. நாலந்த வரைக்கும் நின்றுகொண்டே போனேன். சத்தியக் கடதாசி ஒன்று, இரண்டே வரி. அவர் கொடுத்தால் போதும் என்று மிஸ் சொல்லியிருந்தார்.

மனிதர் நன்றாக இருக்கிறார். என்னை உட்காரச் சொல்லி, மலரைப் பற்றி விசாரித்தார். பிளேன்டீ வந்தது. விஷயத்தைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு தம்பி? நானா? அப்படி ஒரு வேல நான் செஞ்சதே இல்லியே."

"ஐயா, அக்காவோட கல்யாணப் பத்திரிக... பொன் எழுத்து..."

"பத்திரிக அடிச்சீங்க. அது ஒங்க அன்பு. நீங்க வந்து சொன்ன திகதியத்தான் நான் எழுதினேன்."

மகன் வந்து பின்னால் நின்றான். நான் காலில் விழாத குறை. "ஐயா, பொம்பளப் புள்ளங்கய்யா" என்றேன். அவர் கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை, கலங்கத்தான் செய்தது. ஆனால், "எனக்கு எழுபத்தஞ்சு வயசு தம்பி. இந்த வயசுல என்னைய கோட்டு வாசல்ல ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

2025 அக்டோபர் 13, திங்கள்

அவர் மேல் கோபப்படப் பார்த்தேன். முடியவில்லை. கடிதத்தை எழுதியது அவர், எழுதச் சொன்னது நான்.

2025 நவம்பர் 21, வெள்ளி

நிஷ்மியா மிஸ் ஒரு வழி சொன்னார். தோட்டத்து மிட்வைஃப் பிரசவங்களை எழுதி வைக்கிற கொப்பி ஒன்று இருக்குமாம். அந்தந்த நாளில் எழுதியது என்பதால் அதற்கு மதிப்பு உண்டாம். அந்த மிட்வைஃப் இறந்துவிட்டார். கொப்பி தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்க வேண்டும்.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு மேலே தோட்டத்துக்குப் போனேன். இருக்கிறதாம்! பழைய கொப்பிகள் எல்லாம் ஓர் அலுமாரியில் இருக்கின்றன. கண்ணாடி வழியாக நானே பார்த்தேன். ஆனால் சாவி வைத்திருக்கும் உத்தியோகத்தர் பயிற்சிக்குப் போய்விட்டார். "அடுத்த வெள்ளிக்கிழம வாங்கண்ணே" என்றார்கள்.

இறங்கி வரும்போது, பூட்டை உடைத்திருக்கலாமோ என்று நினைத்தேன்.

2025 நவம்பர் 28, வெள்ளி

போக முடியவில்லை. இப்படி ஒரு மழையை நான் கண்டதில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. கீழ் வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில்.

2025 டிசம்பர் 14, ஞாயிறு

தோட்டத்துக்குப் பாதி வழி பஸ், மீதி நடை. மலரும் வருவேன் என்று வந்தாள். அவளுடைய அண்ணன் குடும்பம் பாடசாலையில்தான் இன்னும் தங்கியிருக்கிறது. உயிர் தப்பியது போதும் என்கிறார்கள்.

டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த மேடு முழுதாக இறங்கியிருக்கிறது. உள்ளே இடுப்பளவு மண். அலுமாரி கவிழ்ந்து கிடந்தது. ஓர் இளைஞர் மண்வெட்டியோடு உதவிக்கு வந்தார். கொப்பிகள் சேறாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒன்றைப் பிரித்தேன். கையோடு வந்தது. கடதாசி எனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷமாகக் கடதாசியோடுதான் சீவிக்கிறேன். இது இனி உதவாது.

மண்சரிவில் செத்த நான்கு பேரை அங்கே புதைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நின்று ஒரு கொப்பிக்காக அழுதேன். வெட்கம் கெட்டவன். மலர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

2025 டிசம்பர் 20, சனி

அந்தக் கணக்கு மாஸ்டர் தம்புள்ளையில் வகுப்புத் தொடங்கியிருக்கிறானாம். வாரத்தில் இரண்டு நாள்.

2026 ஜனவரி 28, புதன்

பத்திரத்தில் பிறந்த திகதியைத் திருத்தக் கேட்டுப் பதிவாளர் நாயகத்துக்கு மூன்றாவது மனு. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. பிள்ளையும் கையெழுத்துப் போட்டால் கொஞ்சம் வலுவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தனுஷா மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை பரீட்சை எழுதப் போகிறாள். மனுவைப் பக்கத்தில் வைத்துப் பேனாவை நீட்டினேன். முழுவதும் வாசித்தாள்.

"எதுக்குப்பா இது?"

"அன்னைக்கி உனக்குப் பதினஞ்சுன்னு காட்டிட்டா, கோட்டுல உன்ன ஒரு கேள்வியும் கேக்க மாட்டானுங்கம்மா."

"கேட்டா என்ன?"

"சம்மதமான்னு கேப்பானுங்க. எல்லார் முன்னுக்கும் வச்சி."

"கேக்கட்டுமே. வேணாம்னுதான் சொன்னேன். ரெண்டு தரம் சொன்னேன். எந்திரிச்சி கதவுகிட்ட போனேன். பூட்டியிருந்திச்சி." சத்தம் போடவில்லை. கணக்கு வாசிக்கிற மாதிரிச் சொன்னாள். "ஒரு வருஷமாச்சிப்பா. நீங்க எல்லாரும் எனக்கு வயசு எத்தனன்னுதான் பேசுறீங்க. இத ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல. நீங்களும் கேக்கல."

மலர் குசினி வாசலில் வந்து நின்றாள். நான் பேனாவை மூடினேன், திறந்தேன், மூடினேன்.

அன்றைக்குப் பொலிஸில் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. நான்தான் அவள் கையை அழுத்தி, நீ சும்மா இரு, அப்பா சொல்கிறேன் என்றேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

ஏன்டா கேட்கவில்லை? அவள் தாங்க மாட்டாள் என்றா? இந்த டயரியிலாவது பொய் எழுதாமல் இருக்கிறேன். பயம். என்ன பதில் வருமோ என்ற பயம். ஒருவேளை எதிர்த்தரப்பு வக்கீல் சொன்ன மாதிரி இருந்துவிட்டால்? அப்படி ஒருநாள் நினைத்தேன். ஒருநாள் இல்லை, பல நாள். என் பிள்ளையைப் பற்றி நானே! பதினாலு நாளை அப்படியும் இப்படியும் நகர்த்திவிட்டால் அந்தக் கேள்வி வராது, பதிலும் வராது. அதற்காகத்தான் நாவுலவுக்கும் போனேன், தோட்டத்துக்கும் போனேன்.

அவள் மனுவை மடித்து என்னிடம் தந்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

2026 ஜனவரி 30, வெள்ளி

தனுஷா சொன்னதை நிஷ்மியா மிஸ்ஸிடம் சொன்னேன். பழைய வாக்குமூலத்தை எடுத்துத் திரும்ப வாசித்தார். பிறகு, மேலதிக வாக்குமூலம் ஒன்று கொடுக்கலாம் என்றார்.

"நம்புவாங்களா மிஸ்?"

"அண்ணே, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் கழிச்சு சொல்றா, வக்கீல் சொல்லிக் குடுத்ததுன்னு சொல்வாங்க. முதல் நாளே ஏன் சொல்லல்லன்னு அவளைத்தான் குடைவாங்க. சட்டமா அதிபர் என்ன குற்றச்சாட்டு போடுவார்னும் எனக்குத் தெரியா. இருந்தாலும் அவ சொல்லட்டும்."

முதல் நாளே ஏன் சொல்லவில்லை. அதற்கான பதில் நான். அதையும் பத்திரம் மாதிரி ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மதிப்பு இருக்குமோ என்னவோ.

புதுச் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். இன்னும் கலந்துரையாடலில்தானாம். பிரசுரம் இன்னும் மூவாயிரம் வேண்டுமென்று ஓடர் வந்திருக்கிறது.

2026 பெப்ரவரி 9, திங்கள்

மூவரும் பொலிஸுக்குப் போனோம். தமிழ் தெரிந்த பெண் பொலிஸ் ஒருவரை நிஷ்மியா மிஸ் ஏற்பாடு செய்திருந்தார். சின்ன வயது, எங்கள் பக்கத்துப் பேச்சு. தனுஷாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். முதலில் பெயர், முகவரி. பிறகு பிறந்த திகதி.

நான் வாயைத் திறந்தேன். தனுஷா முந்திக்கொண்டாள்.

"பத்திரத்துல இருக்கிறதையே எழுதுங்க மிஸ். ஜனவரி இருபத்தெட்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதம் நான் அலைந்ததெல்லாம் அந்த ஒரு வரியில் போயிற்று. "தனு..." என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமான முகம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்பா, நீங்க வெளிய இருங்க. அம்மா இருக்கட்டும். நீங்க இருந்தா நீங்கதான் பேசுவீங்க."

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினார்கள். அவள் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. இடையில் ஒருமுறை நின்றது. எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன். திரும்பத் தொடங்கியது. வந்து உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள்.

இரண்டரை மணித்தியாலம். மலர் வீங்கிய கண்ணோடு வந்தாள். பின்னால் தனுஷா. "பசிக்குது, போவோம்" என்றாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். என்ன சொன்னாய், என்ன கேட்டார்கள் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. பாலத்தைத் தாண்டியதும் அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். வீடு வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.